ஒயின்ஷாப்பில் இல்லாத ஒயின்

மயிலாப்பூரில் மாதந்தோறும் நடக்கும் ஓர் இலக்கியக் கூட்டத்துக்குச் சென்ற மாதம் போயிருந்தேன். சங்க இலக்கியத்தில் கடல் வணிகம் என்பது தலைப்பு. பேசிய பெரியவர் ஆழ்ந்து படித்தவர். அதில் எனக்கு ஐயமில்லை. புறநானூற்றின் 56-ஆம் பாட்டுக்கு வந்தபோது அவர் குரல் இளகிவிட்டது. யவனர் கப்பலேற்றிக் கொண்டுவந்த மணமுள்ள தேறலைப் பொற்கலத்தில் மகளிர் ஏந்தித் தர, பாண்டியன் நன்மாறன் நாள்தோறும் உண்டு மகிழ வேண்டும் என்று நக்கீரர் வாழ்த்துகிற பாட்டு அது. அரிக்கமேட்டில் கிடைத்த ரோமானிய மதுச் சாடிகளைப் பற்றியும், முசிறித் துறைக்கு ஒயின் இறக்குமதியானதைக் குறித்துவைத்த கிரேக்க மாலுமியைப் பற்றியும் சொன்னார். அரங்கில் நல்ல கைதட்டல்.

கேள்வி நேரத்தில் பின்வரிசை இளைஞர் ஒருவர் எழுந்தார். "ஐயா, கம்பம் பள்ளத்தாக்கில் இவ்வளவு திராட்சை விளைகிறதே, அதில் ஏன் நாம் ஒயின் செய்து பெயர் வாங்கவில்லை?" என்று கேட்டார். பெரியவர் புன்னகைத்தபடி, "இலக்கியக் கூட்டத்தில் குடியைப் பற்றிப் பேச வேண்டாம், தம்பி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு ஈடுகட்டவே இதை எழுதுகிறேன்.

பாண்டியன் குடித்தால் வணிக வரலாறு. கம்பத்து விவசாயி காய்ச்சாமல் புளிக்கவைத்தால் குடி. இந்தக் கணக்கு எனக்கு விளங்கவில்லை.

கூட்டம் முடிந்து பட்டினப்பாக்கத்துக்கு நடந்தே திரும்பினேன். வழியில் ஒரு டாஸ்மாக் கடை. அதை இன்றும் நம் மக்கள் "ஒயின்ஷாப்" என்றே சொல்கிறார்கள். 2003 நவம்பரில் சில்லறை விற்பனையை அரசே எடுத்துக்கொள்வதற்கு முன்பு தனியார் கடைகளின் பலகைகளில் "ஒயின்ஸ்" என்று எழுதியிருந்ததன் மிச்சம் அது. உலகில் வேறெங்கும் ஒரு சொல் இவ்வளவு பொய் சொல்லி நான் கண்டதில்லை. அந்தக் கடையில் விற்பது பெரும்பாலும் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த சாராயத்தில் நிறமும் மணமும் சேர்த்துப் பிராந்தி என்றும் விஸ்கி என்றும் பெயரிட்ட சரக்கு. பிராந்தி என்பது திராட்சையிலிருந்து வடிப்பது என்று அகராதி சொல்லும். நம் குவார்ட்டர் பாட்டிலுக்கு அகராதி தெரியாது. ஒயின் என்ற பெயரைத் தாங்கிய கடையில் இல்லாத ஒரே பொருள், அல்லது தூசி படிந்து மூலையில் நிற்கும் ஒரே பொருள், ஒயின்தான்.

*

இந்தச் சிந்தனை எனக்கு வந்ததற்கு ஒரு பாட்டிலும் காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. என் அக்காள் மகன் வியன்னாவில் வேலை பார்க்கிறான். போன முறை வந்தபோது ஒரு சிவப்பு ஒயின் கொண்டுவந்தான். "மாமா, குடிக்காவிட்டாலும் பரவாயில்லை, லேபிளைப் படித்துப் பாருங்கள்" என்றான். என்னை நன்றாகத் தெரிந்தவன்.

படித்தேன். திராட்சையின் பெயர் பிளவ்ஃபிரெங்கிஷ். விளைந்த இடம் ஐசன்பெர்க்; ஆஸ்திரியாவின் தென்கிழக்கு மூலையில் புர்கன்லாந்து மாநிலத்தில், ஹங்கேரி எல்லையை ஒட்டிய குன்று. பெயரின் பொருளே இரும்பு மலை. மண்ணில் அவ்வளவு இரும்பு. விளைந்த ஆண்டு, வளர்த்தவர் பெயர், அரசுச் சோதனை எண் எல்லாம் இருந்தன. மூடியின் மேல் சிவப்பு வெள்ளை சிவப்பாக அந்நாட்டுக் கொடியின் நிறத்தில் ஒரு சிறு பட்டை. ஒவ்வொரு பாட்டிலும் எந்தத் தோட்டக்காரருடைய கணக்கில் வருகிறது என்பதை அந்தப் பட்டையின் எண்ணைக் கொண்டு கண்டுபிடிக்கலாமாம்.

நான் ஒயின் அறிந்தவனல்லன். பட்டினப்பாக்கத்துப் புழுக்கத்தில் அரைமணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து அரைக் குவளை அருந்தினேன். நாவற்பழத்தின் துவர்ப்பு, அதன்பின் மிளகைக் கடித்தாற்போல் ஒரு கார்ப்பு, முடிவில் நாக்கின் ஓரங்களை எழுப்பிவிடும் புளிப்பு. இனிப்பு அறவே இல்லை. முதலில் ஏமாற்றம்; இரண்டாம் வாயில் ஏதோ பிடிபட்டது. அந்தப் புளிப்புதான் குளிர்நிலத்து ஒயினின் உயிர் என்று மருமகன் விளக்கினான். பகல் வெயிலில் பழத்தில் சர்க்கரை ஏறும். இரவு குளிர்ந்தால் புளிப்பு எரிந்துபோகாமல் தங்கும். கிழக்கே ஹங்கேரியச் சமவெளியிலிருந்து வெப்பக் காற்று வரும். மேற்கே ஆல்ப்ஸின் குளிர். இரண்டுக்கும் நடுவே நிற்கிறது அந்தக் குன்று.

அந்த மண்ணுக்கும் கதை உண்டு. 1921 வரை அது ஹங்கேரியின் பகுதி. முதல் உலகப் போருக்குப் பின் எல்லை மாறியது. அவ்வாண்டு டிசம்பரில் நடந்த வாக்கெடுப்பில் ஷோப்ரோன் நகரம் ஹங்கேரியோடு நின்றது; புர்கன்லாந்து ஆஸ்திரியாவுக்குப் போயிற்று. ஆகவே ஒரே திராட்சைக்கு எல்லைக்கு இந்தப் பக்கம் பிளவ்ஃபிரெங்கிஷ், அந்தப் பக்கம் கேக்ஃபிராங்கோஷ். இரண்டு சொல்லுக்கும் பொருள் ஏறத்தாழ ஒன்றே.

இத்தனையும் ஒரு பாட்டிலில் ஒட்டிய காகிதத்திலிருந்து கிளைத்தது. நம்முடைய குவார்ட்டர் பாட்டிலின் காகிதத்திலிருந்து எந்த ஊரின் கதை கிளைக்கும்?

*

"வெள்ளைக்காரன் குடித்தால் பண்பாடு, நம்மாள் குடித்தால் கேவலமா என்று பாட வந்துவிட்டான்" என்று நண்பர்கள் சிலர் இங்கே பக்கத்தை மூடக்கூடும். பொறுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரியர்கள் உத்தமர்கள் என்று நான் சொல்லவில்லை. நான் சொல்ல வருவது அவர்களுடைய அயோக்கியத்தனத்திலிருந்துதான் தொடங்குகிறது.

1985-இல் ஆஸ்திரிய ஒயினில் டைஎதிலீன் கிளைகால் கலந்திருப்பதை ஜெர்மானியச் சோதனைச்சாலைகள் வெளிப்படுத்தின. மலிவான நீர்த்த ஒயினைக் கெட்டியாகவும் இனிப்பாகவும் காட்டுவதற்காக வியாபாரிகள் கலந்த நச்சு அது. நாடு நாடாகத் தடை விதித்தார்கள். ஏற்றுமதி ஏறத்தாழ இல்லாமலே போயிற்று. கலப்படம் செய்யாத சிறு தோட்டக்காரனும் சேர்ந்தே மூழ்கினான். (அதே நச்சுதான் 2025-இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தில் இருந்து, மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கொன்றது. அதைத் தனியே எழுத வேண்டும்.)

அந்நாட்டு அரசு என்ன செய்தது? அதே 1985-இல் ஐரோப்பாவிலேயே மிகக் கடுமையான ஒயின் சட்டங்களுள் ஒன்றைக் கொண்டுவந்தது. ஒரு ஹெக்டேருக்கு இவ்வளவுதான் விளைவிக்கலாம் என்ற வரம்பு, தரமான ஒயின் ஒவ்வொன்றுக்கும் வேதிச் சோதனையும் சுவைச் சோதனையும், நான் மேலே சொன்ன மூடிப்பட்டை. அதாவது, பெயரும் ஊரும் மறைந்திருந்ததால் நஞ்சு புகுந்தது. ஆகவே பெயரையும் ஊரையும் இன்னும் துல்லியமாக எழுது என்றார்கள். மலிவு இனிப்பு ஒயினை நம்பியிருந்தவர்கள் ஒழிந்தார்கள். உலர்ந்த வெள்ளை ஒயினும், முன்பு யாரும் மதிக்காத சிவப்பு ஒயினும் அடுத்த தலைமுறையில் தலையெடுத்தன. இரும்பு மலையின் ஒயின் அதன் பிள்ளைகளுள் ஒன்று.

இப்போது நம் பக்கம் திரும்புங்கள். 1987 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை. அன்றிலிருந்து இன்றுவரை சொல்லப்படும் காரணம் கலப்படம். ஆம், கலப்படம் நடந்தது, மறுக்க மாட்டேன். நோய் ஒன்றுதான். ஆண்டு கூட இரண்டே ஆண்டு வித்தியாசம். அங்கே தோட்டத்துக்குப் பெயர் எழுதினார்கள். இங்கே மரத்தையே சட்டத்துக்குப் புறம்பாக்கினார்கள். ஆலைச் சாராயத்துக்கு அந்தத் தடை வரவில்லை. அதை விற்பதற்கென்று 1983-இலேயே நிறுவிய அரசு நிறுவனம் வளர்ந்துகொண்டே போய், 2023-24-இல் மாநிலத்துக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல் ஈட்டித் தந்தது. நஞ்சும் ஒழியவில்லை. 2023 மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டிலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் மெத்தனால் குடித்துச் செத்தவர்கள் நம் மக்கள். கள்ளக்குறிச்சியில் மட்டும் அறுபதுக்கு மேல்.

நம்முடைய மதுவிலக்கு வரலாற்றின் பெருமிதக் காட்சி எது என்று யோசித்துப் பாருங்கள். பெரியார் தம் தோப்பிலிருந்த தென்னைகளை வெட்டிச் சாய்த்தது. அவருடைய தியாகத்தின் மீது எனக்கு மரியாதை உண்டு; சொந்தச் சொத்தை வெட்டிய தலைவர்கள் எத்தனை பேர்? ஆனாலும் ஒரு சமூகத்தின் நினைவில் குடியை எதிர்த்த படிமமாக வெட்டுண்ட மரம் நின்றுபோனது என்பது எனக்கு உறுத்துகிறது. ஆலை ஒன்று சாய்ந்த படிமம் நம்மிடம் இல்லையே.

*

பட்டினப்பாக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதுகிறவனுக்கு ஒரு கடமை உண்டு. எங்கள் தெருவுக்குச் சற்றுத் தெற்கே சீனிவாசபுரம். மீன் கூடையோடு காலையில் எதிர்ப்படும் பெண்களிடம் ஒயினின் நயம் பேசினால் கூடையாலேயே அடிப்பார்கள், அடிக்க வேண்டும். புருஷனின் கூலி எங்கே போகிறது என்பது அவர்களுக்குத் தெரியும். இந்தக் கட்டுரைக்கு எதிரான வாதங்களில் வலுவானது அவர்களுடையது மட்டுமே. உலக சுகாதார நிறுவனமும் 2023-இல், மதுவில் தீங்கற்ற அளவு என்று ஒன்று இல்லை எனச் சொல்லிவிட்டது. ஒயின் இதயத்துக்கு நல்லது என்ற பழைய பாட்டை நான் பாடப்போவதில்லை.

ஆனால் அந்தப் பெண்களின் கோபம் எதன் மேல்? ஊரில்லாத, மரமில்லாத, கொடியில்லாத ஒரு திரவத்தின் மேல். அதை விற்பவன் யார் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அவர்களுடைய துயரத்தைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு கம்பத்துத் திராட்சைக்காரனின் வாயை அடைப்பவர்கள் அவர்களல்லர். குளிரூட்டிய அரங்கில் நக்கீரருக்குக் கைதட்டிய நாம்.

*

கம்பத்துக்கு வருகிறேன். தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் மடியில், 1895 முதல் முல்லைப் பெரியாற்று நீர் பாயும் பள்ளத்தாக்கு. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ராயப்பன்பட்டி என்று ஊர் ஊராகக் கல்தூண் நட்டுக் கம்பிப் பந்தலிட்டு விளைவிப்பது பன்னீர்த் திராட்சை. 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஐரோப்பாவில் கொடி குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும். ஆண்டுக்கு ஒரே அறுவடை. நம் கொடிக்கு உறக்கமே இல்லை. கவாத்து செய்கிற நாளை வைத்தே அறுவடை நாளைக் குறிக்கிறார்கள். ஆண்டு முழுவதும் ஏதோ ஒரு பந்தலில் பழம் இருக்கும். உலகில் வெகு சில இடங்களுக்கே வாய்த்தது இது.

இந்தப் பன்னீர் யார்? தாவரவியலார் அதை மஸ்கட் ஹாம்பர்க் என்பார்கள். மரபணுச் சோதனையில் அதன் பெற்றோர் தெரிந்துவிட்டனர். ஒன்று, மத்தியதரைக் கடலோரத்து அலெக்ஸாந்திரியா மஸ்கட். அந்தப் பன்னீர் மணம் அங்கிருந்து வந்தது. மற்றொன்று ஸ்கியாவா குரோஸ்ஸா. டிரோல் மலைநாட்டுச் சிவப்புத் திராட்சை. ஜெர்மன் மொழியில் அதற்குள்ள டிரோலிங்கர் என்ற பெயரே டிரோலிலிருந்து வந்தது என்பார்கள். அது இன்றும் விளையும் தென் டிரோல், 1919-இல் இத்தாலிக்குக் கைமாறும்வரை ஆஸ்திரியாவுக்கு உரியது. நாம் வாழைப்பழத்தோடு தட்டில் வைத்து விருந்தாளிக்கு நீட்டும் பன்னீர்த் திராட்சையின் ஒரு பாதி, ஆல்ப்ஸ் சரிவுகளில் வெளிறிய சிவப்பு ஒயின் தந்த கொடி. திராட்சை ஒயினுக்கும் கம்பத்துக்கும் சம்பந்தமில்லை என்று இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

இதனால் கம்பத்தில் நாளையே உயர்ந்த ஒயின் வரும் என்று நினைக்கிற அளவுக்கு நான் அப்பாவி இல்லை. மஸ்கட் ஹாம்பர்க் பெரும்பாலும் சாப்பிடும் பழமே. அதன் ஒயினில் மணம் இருக்கும், ஆழம் குறைவு. நம் இரவுகள் வெப்பமானவை, புளிப்பு நில்லாது. ஆனால் சீனாவில் தியான்ஜின் நகரத்தார் 1980-இல் பிரெஞ்சு நிறுவனம் ஒன்றுடன் சேர்ந்து இதே திராட்சையில் ஒயின் செய்யத் தொடங்கி, அதைத் தம் நாட்டின் அடையாளங்களுள் ஒன்றாக்கினார்கள். மகாராஷ்டிரம் 2001-இல் திராட்சைப் பதனத்துக்கென்று தனிக் கொள்கை வகுத்தது. மேசைப் பழம் விளைத்த நாசிக் இன்று ஒயினின் பெயர். கர்நாடகம் 2007-இல் பின்தொடர்ந்தது. நம் அரசின் மதுவிலக்குத் துறைக் கொள்கைக் குறிப்பில் ஒயின் ஆலைக்கு எதிரே பல ஆண்டுகளாக நிற்கும் எண் ஒன்று.

இதற்கிடையில் அறுவடை நேரத்தில் மழை வந்தால் பழம் வெடிக்கிறது. வெடித்த பழத்தை வியாபாரி தொடமாட்டான். ஒயின் செய்கிற ஊரில் அந்தப் பழத்தில் ஒரு பகுதிக்காவது வேறு வழி இருந்திருக்கும். இங்கே குப்பைக்குத்தான் வழி.

*

அரசைத் திட்டுவது எளிது. நம் இதழ்களைப் படிக்கிறவர்களிடம் எனக்கு வேறு வழக்கு இருக்கிறது. அது சொற்களைப் பற்றியது.

கள், தேறல், நறவு, மட்டு, பிழி, அரியல், அரிசியில் செய்த தோப்பி என்று சங்கத் தமிழனிடம் சொற்கள் இருந்தன. பட்டினப்பாலை ஒரே அடியில் மட்டையும் மதுவையும் வேறுபடுத்துகிறது. ஒன்றை விட்டு மற்றொன்றுக்குப் போவது நுட்பமான சமூகக் குறிப்பாகவே அங்கே வருகிறது. என் ஊரின் பெயர்கூடச் சிலம்பிலிருந்து எதிரொலிப்பது. புகாரின் ஒரு பாதி பட்டினப்பாக்கம். யவனர் இருக்கைகளும் கள் விற்கும் பெண்டிரும் இருந்ததோ கடலோர மருவூர்ப்பாக்கத்தில். (சென்னைப் பட்டினப்பாக்கம் கடலோரத்தில் இருந்துகொண்டு மருவூர்ப்பாக்கத்தின் வேலையைச் செய்கிறது என்பது வேறு விஷயம்.)

இவ்வளவு சொல் இருந்த மொழியில் இன்று நம் மொழிபெயர்ப்பாளர்கள் என்ன செய்கிறார்கள்? நாவலில் விவசாயி தன் தோட்டத்து ஒயினைக் குடித்தாலும், கூலிக்காரன் உருளைக்கிழங்குச் சாராயத்தைக் குடித்தாலும், மாணவன் பீர் குடித்தாலும், "மது அருந்தினான்". தீர்ந்தது. அல்லது தேவாலய வழக்கிலிருந்து "திராட்சை ரசம்". வாசகன் பழச்சாறு என்று நினைத்துக்கொள்வான். வியன்னாவைப் பற்றிய கதைகளில் ஹொய்ரிகர் என்றொரு இடம் அடிக்கடி வரும். 1784-இல் இரண்டாம் ஜோசப் மன்னர், தோட்டக்காரன் தன் விளைச்சலைத் தன் வீட்டிலேயே விற்கலாம் என்று ஆணையிட்டதிலிருந்து வளர்ந்த வழக்கம் அது. வாசலில் பச்சைக் கிளை ஒன்று தொங்கினால் அந்த ஆண்டு ஒயின் தயார் என்று பொருள். மர மேசை, தோட்டம், குடும்பம் குடும்பமாகக் கூட்டம். தமிழில் அது "மதுக்கடை" ஆகும்போது வாசகன் மனத்தில் எழுவது கம்பிவலைக்குள் கையை நுழைக்கும் கூட்டம். ஒரு சொல்லில் ஒரு நாகரிகத்தையே புரட்டிவிட்டோம். இருநூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் அந்த உழவனுக்குக் கிடைத்த உரிமை தன் பனையில் ஏறும் நம் ஊர்க்காரனுக்கு இன்றும் இல்லை என்பதையும் அந்தச் சொல் சேர்த்தே மறைத்துவிட்டது.

பெயர் எழுதினால் பெயரின் பாவமும் வெளியே வரும். ஆஸ்திரியாவில் அதிகம் விளையும் சிவப்புத் திராட்சை ஸ்வைகெல்ட். 1922-இல் குளோஸ்டர்நொய்பர்க் ஒயின் கல்லூரியில் பிளவ்ஃபிரெங்கிஷையும் செயின்ட் லாரன்டையும் இணைத்து அதை உருவாக்கிய பிரிட்ஸ் ஸ்வைகெல்ட் பின்னாளில் நாஜிக் கட்சிக்காரர். அதே ஊர் மடத்துத் துறவியும் கவிஞருமான ரோமன் கார்ல் ஷோல்ஸ், நாஜிகளை எதிர்த்துக் குழு திரட்டியதற்காக 1944-இல் தலை வெட்டிக் கொல்லப்பட்டார். காஃப்கா 1924-இல் இறந்த கீர்லிங்கும் இன்று அந்நகரின் பகுதியே. 2018-இல் ஒரு கலைஞர் குழு இந்தத் திராட்சைக்கு வேறு பெயர் வைக்க வேண்டும் என்று கிளம்பியது. நீலத் திங்கள் என்று மாற்றுப்பெயரும் சொன்னது. தன் குழுவுக்கு அவர்கள் வைத்த பெயர் மூசிலின் நாவல் தலைப்பைக் கேலியாகத் திருப்பியது. தோட்டக்காரர்கள் பலர் ஒப்பவில்லை. சண்டை நடந்தது. படைப்பையும் படைத்தவனையும் பிரிக்கலாமா என்று நாம் சிற்றிதழ்களில் அடித்துக்கொள்வதைப்போல் அவர்கள் ஒரு திராட்சைக் கொத்துக்காக அடித்துக்கொண்டார்கள். பொறாமையாக இருந்தது எனக்கு. "சரக்கு" என்று எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வைத்தவனுக்குச் சண்டையிட என்ன இருக்கிறது?

அந்த இளைஞரின் பெயரை நான் கேட்டுவைத்துக்கொள்ளவில்லை. அடுத்த மாதக் கூட்டத்துக்கு அவர் வந்தால், பெரியவரின் பதிலுக்காக நான் மன்னிப்புக் கேட்க முடியாது; என் சிரிப்புக்காகக் கேட்பேன். நேற்று லஸ் பக்கம் தள்ளுவண்டியில் பன்னீர்த் திராட்சை வாங்கினேன். எந்த ஊர்ப் பழம் என்று கேட்டதற்கு, "திராட்சைதான் சார், நல்லா இருக்கும், எடுங்க" என்றார் வண்டிக்காரர். பக்கத்துக் கூடையில் இருந்த வெளிநாட்டு ஆப்பிள் ஒவ்வொன்றின் மேலும் ஊர்ப்பெயர் ஒட்டியிருந்தது.